கை தட்டவும் வேண்டாம், காலி பண்ணச் சொல்லவும் வேண்டாம்

1/
ஏப்ரல் 19 வந்தா ஆஸ்பத்திரியில வேலை பார்க்குற எங்களுக்கு ஒரு பேர் ஞாபகம் வரும். டாக்டர் சைமன் ஹெர்குலிஸ். சென்னையில் மூளை நரம்பியல் அறுவை சிகிச்சை நிபுணர். வயது 55. 2020-ல் இதே தேதியில் கொரோனாவால் இறந்துபோனார்.

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது பொறுமையாப் படிங்க. பழைய கோபத்தைக் கிளற எழுதலை. அடுத்த தொற்று வரும்போது உதவும்னுதான் எழுதுறேன்.

2/
நடந்தது பலருக்கு மறந்திருக்கும். அவரது உடலைக் கீழ்ப்பாக்கம் கல்லறையில் அடக்கம் செய்யப் போனாங்க. அங்கே எதிர்ப்பு. அண்ணா நகர் வேலங்காடு மயானத்துக்குக் கொண்டு போனாங்க. அங்கேயும் கூட்டம் கூடிருச்சு. கல்லும் கட்டையும் பறந்துச்சு. ஆம்புலன்ஸ் கண்ணாடி உடைஞ்சது, ஓட்டுநருக்குக் காயம். மனைவியும் மகனும் அடக்கத்தைப் பார்க்க முடியாமலே திரும்பிப் போனாங்க.

நண்பரும் சக மருத்துவருமான டாக்டர் பிரதீப் குமார், பிபிஇ கிட் போட்டுக்கிட்டு, ரெண்டு வார்டு ஊழியர்களோட போலீஸ் பாதுகாப்பில் நள்ளிரவில் அதே மயானத்துக்குத் திரும்பி வந்தார். குழிக்குள் இறக்கி, அவங்களே மண்ணைத் தள்ளி மூடினாங்க.

3/
அது தனிச் சம்பவமும் இல்லை. அதுக்குச் சில நாள் முன்னாடி, நெல்லூரைச் சேர்ந்த ஒரு டாக்டர் சென்னையில் கொரோனாவால் இறந்தார். அவர் உடலை அம்பத்தூர் மயானத்தில் எரிக்க எதிர்ப்பு வந்து, வேறு இடத்துக்குக் கொண்டு போக வேண்டியதாப் போச்சு.

4/
இப்ப காலண்டரைப் பாருங்க. மார்ச் 22 ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் 5 மணி. நாடே வாசல்ல நின்னு கை தட்டுச்சு, தட்டைத் தட்டுச்சு. எங்களுக்காகத்தான்.

ஏப்ரல் 19-ம் ஞாயிற்றுக்கிழமைதான். சரியா நாலு வாரம்.

கை தட்டினவங்க வேற, கல் எறிஞ்சவங்க வேறன்னு சொல்லித் தப்பிச்சுக்கலாம். நான் அப்படி நினைக்கலை. கை தட்டுன அதே வாரம், மார்ச் 24 அன்னைக்கு, டில்லி எய்ம்ஸ் ரெசிடென்ட் டாக்டர்கள் சங்கம் உள்துறை அமைச்சருக்குக் கடிதம் எழுதுச்சு. வாடகை வீட்டிலிருந்து டாக்டர்களை வெளியேத்துறாங்க, தலையிடுங்கன்னு.

5/
எனக்குப் புரிஞ்சது இதுதான். எங்களைத் தெய்வம்னு சொன்னாலும் சரி, கிருமின்னு சொன்னாலும் சரி, ரெண்டுலயும் நாங்க உங்க பக்கத்து வீட்டுக்காரங்களா இருக்கிறதில்லை. தெய்வத்துக்குக் கை தட்டலாம், வாடகைக்கு வீடு குடுக்கணும்னு அவசியமில்லை. கிருமியை விரட்டலாம், அதுக்கு அடக்கம் பண்ண இடம் குடுக்கணும்னு அவசியமில்லை.

எங்களுக்கு வேண்டியது வீடு, தண்ணி, பால், கடைசியில ஆறடி மண்ணு. உங்களுக்கு வேண்டிய அதேதான்.

6/
நம்ம ஊருக்கு வருவோம். தமிழ்நாட்டின் முதல் கொரோனா மரணம் மதுரையில்தான். 2020 மார்ச் 25, அரசு ராஜாஜி மருத்துவமனை. நம்ம 'பெரியாஸ்பத்திரி'.

அதைச் சுத்தித் தல்லாகுளம், கோரிப்பாளையம், நரிமேடு, செல்லூர்னு எந்தத் தெருவுக்குப் போனாலும் ஆஸ்பத்திரியில வேலை பார்க்குற யாராவது குடியிருப்பாங்க. நர்ஸ், லேப் டெக்னீஷியன், பயிற்சி டாக்டர், வார்டு ஊழியர். அதுவரைக்கும் "நம்ம தெருவுல ஒரு சிஸ்டரம்மா இருக்காக, ஊசி போட்டுக்கலாம்"னு பெருமையாச் சொன்ன தெரு, ஒரே வாரத்துல "அந்தம்மா கொரோனா ஆஸ்பத்திரி, தள்ளி நில்லு"ன்னு மாறிருச்சு.

7/
எனக்கும் நடந்துச்சு. வீட்டு ஓனர் நல்ல மனுசன்தான். மாடிப்படியில ஏறாம கீழேயே நின்னுக்கிட்டுச் சொன்னார்: "டாக்டர் தம்பி, தப்பா நினைக்காதீக. வீட்ல சின்னப் பிள்ளைக இருக்கு. ஒரு ரெண்டு மாசம் வேற எங்கிட்டாச்சும் பார்த்துக்கிட்டா..."

ஊரடங்கு நேரம். ஒரு லாட்ஜ் திறந்திருக்கலை. 12 மணி நேர டூட்டி முடிச்சு வந்து நிக்கிற ஆள், எங்கே போய் வீடு பார்க்கிறது?

அவர் மேல எனக்குக் கோபமில்லை. ஏன்னா அவர் பயந்த அதே விஷயத்துக்கு நானும் பயந்தேன். என் அம்மாவைப் பார்க்க ஊருக்குப் போகாம மாசக்கணக்கில் இருந்ததே அந்தப் பயத்துலதான்.

8/
ஆனா டாக்டருக்கு நடந்தது பேப்பர்ல வந்துரும். சங்கம் இருக்கு, பேச ஆள் இருக்கு.

வார்டைக் கூட்டித் துடைக்கிற ஒப்பந்தத் தொழிலாளி அக்காவுக்கு யார் இருக்கா? எங்க வார்டு அக்கா ஒருத்தங்ககிட்ட, தெருக்குழாயில் எல்லாரும் பிடிச்ச பிறகு கடைசியா வந்து தண்ணி பிடிச்சுக்கோன்னு சொல்லியிருக்காங்க. ராத்திரி 11 மணிக்குக் குடத்தோட போவாங்களாம். காலையில 6 மணிக்கு மறுபடி டூட்டி. 108 ஓட்டுநர், பிணவறை ஊழியர், மயான ஊழியர்னு கீழே போகப் போக ஒதுக்கல் கூடும், குரல் குறையும். பட்டியல்ல கடைசியில இருக்கிறவங்களுக்குத்தான் அடி பலமா விழுந்துச்சு.

9/
"டாக்டர், பயப்படுறது தப்பா?"ன்னு கேட்பீங்க.

தப்பே இல்லை. ஆஸ்பத்திரி ஊழியருக்குத் தொற்று வர வாய்ப்பு மத்தவங்களைவிடக் கூடத்தான். அதை மறைச்சுப் பேச மாட்டேன். ஆனா கொரோனா எப்படிப் பரவுதுன்னு பாருங்க. தொற்று உள்ளவர் மூச்சு விடும்போது, பேசும்போது, இருமும்போது வர்ற நுண்துளிகள் மூலமா. அடைச்ச அறை, நெருக்கம், நீண்ட நேரம் இருந்தா ஆபத்து கூடும். மாடியில தனியா இருக்கிற ஆள்கிட்டயிருந்து சுவர் தாண்டிக் கீழ்வீட்டுக்கு வராது. படியில பார்த்தா ரெண்டு பேரும் மாஸ்க் போட்டுத் தள்ளி நின்னாப் போதும்.

10/
இறந்த உடல்? அது மூச்சு விடாது, இருமாது. ஆஸ்பத்திரியிலேயே கசியாத பையில் வைத்து, வெளிப்புறம் கிருமிநாசினி தெளித்துத்தான் கொடுப்பாங்க. எரிச்ச சாம்பலால் எந்த ஆபத்தும் இல்லைன்னு மத்திய சுகாதார அமைச்சகம் 2020 மார்ச்சிலேயே வழிகாட்டுதல்ல சொல்லிருச்சு. உடலைப் பாதுகாப்பாக் கையாண்டா, மயானத்துக்குப் பக்கத்துத் தெருவுக்கு ஒண்ணும் ஆகாது.

வேலங்காட்டில் அன்னைக்கு உண்மையான தொற்று ஆபத்து எங்கே இருந்துச்சு தெரியுமா? மாஸ்க் இல்லாமத் தோளோட தோள் உரசிக் கத்துன அந்தக் கூட்டத்துக்குள்ள.

11/
இன்னொண்ணு. கொரோனா அறிகுறி தெரியுறதுக்கு ரெண்டு நாள் முன்னாடியிருந்தே பரவும். சிலருக்கு அறிகுறியே வராது. அதனால "இவர் ஆஸ்பத்திரி, இவரைத் தள்ளி வை"ன்னு வேலையை வச்சு ஆளைப் பிரிச்சா பாதுகாப்பு வராது. கவசம் போட்டு, காய்ச்சல் வந்த அன்னைக்கே டெஸ்ட் எடுக்கிற நர்ஸை விலக்கிட்டு, டீக்கடையில எந்தச் சந்தேகமும் இல்லாம ஒருத்தரோட ஒட்டி உட்கார்ந்திருப்போம்.

பயம் தப்பில்லை. தப்பான ஆள் மேல பயத்தை இறக்கி வச்சுட்டு, 'நாம பத்திரம்'னு நிம்மதியாத் திரியுறதுதான் ஆபத்து.

12/
இதோட விலையை யார் குடுத்தது? நாங்க மட்டும் இல்லை. நோயாளிகள்.

காய்ச்சல் வந்தும் ஏழெட்டு நாள் வீட்டுக்குள்ளேயே கிடந்து, ஆக்சிஜன் அளவு 80-க்குக் கீழே இறங்கின பிறகு வந்தவங்களை நான் பார்த்திருக்கேன். ஏன் முன்னாடியே வரலைன்னு கேட்டா, பதில் பெரும்பாலும் ஒண்ணுதான். "ஆம்புலன்ஸ் சந்துக்குள்ள வந்தா தெருவுக்கே தெரிஞ்சுரும் சார்."

டாக்டர் உடம்புக்கே கல்லடின்னு டிவியில பார்த்த மனுசன், "நம்ம கதி என்ன"ன்னுதானே யோசிப்பான்? நோயைவிட ஊருக்குப் பயந்து, நோயை மறைச்சவங்களும் செத்தாங்க.

13/
இதுல அரசு நிர்வாகத்துக்கும் பங்கு உண்டு. நானும் அரசு ஊழியன்தான், இருந்தாலும் சொல்றேன். வாசலை அடைச்ச தகரத் தட்டியும், கதவுல ஒட்டின நோட்டீஸும் நோயைத் தடுத்ததைவிட அவமானத்தை வளர்த்ததுதான் அதிகம். உரிய அதிகாரியின் குறிப்பிட்ட உத்தரவு இல்லாம வீட்டு வாசலில் போஸ்டர் ஒட்டக் கூடாதுன்னு உச்ச நீதிமன்றம் சொன்னது 2020 டிசம்பர்ல. அதுக்குள்ள முதல் அலையே தணிஞ்சிருச்சு.

14/
கசப்பா ஒண்ணு சொல்லணும். தனிக் குடம், தனி டம்ளர், தள்ளி நிக்கிறது, "எங்க சுடுகாட்டுக்கு வராதே" — இதெல்லாம் கொரோனா நமக்குப் புதுசாக் கத்துக்குடுத்ததா? இல்லையே. மனுசனை மனுசன் பார்க்காம இருக்கச் சுவர் எழுப்பின உத்தப்புரம் நம்ம மதுரை மாவட்டத்துலதான் இருக்கு. 1989-ல் கட்டின சுவர், அதுல ஒரு பகுதியை இடிக்கவே 2008 வரைக்கும் ஆச்சு.

தலைமுறை தலைமுறையா ஒரு சாராருக்குச் செஞ்சு பழகின ஒதுக்கல், கொரோனா காலத்துல டாக்டர் வாசலுக்கும் வந்துச்சு. எங்களுக்கு அது சில மாசம். வாழ்நாள் பூரா அதை அனுபவிக்கிறவங்களை அப்ப நினைச்சுப் பார்த்தேன்.

15/
நோயை வச்சு ஒதுக்கினதும் புதுசில்லை. 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமன் குழு இந்தியாவின் முதல் எச்ஐவி தொற்றுகளைக் கண்டறிஞ்சது. தொட்டாப் பரவாத, ஒரே தட்டுல சாப்பிட்டாலும் பரவாத நோய். அப்படியிருந்தும் எத்தனை பேரை வீட்டை விட்டே துரத்தினோம்!

2018-ல் கேரளாவில் நிபா. பேராம்பிரா தாலுகா ஆஸ்பத்திரியில நோயாளியைக் கவனிச்ச நர்ஸ் லினி இறந்தார். நாடே அவரைப் புகழ்ந்துச்சு. அதே ஆஸ்பத்திரியின் மத்த நர்ஸுங்க பஸ்ஸில் ஏறினா ஜனங்க விலகிப் போனாங்க. இறந்த நர்ஸுக்கு மரியாதை, உயிரோட இருக்கிற நர்ஸுக்கு ஒதுக்கல்.

16/
சட்டம் வந்துச்சு. சைமன் சம்பவம் நடந்த மூணாம் நாள், மத்திய அரசு 1897-ம் வருசத்துத் தொற்றுநோய்கள் சட்டத்தைத் திருத்தி அவசரச் சட்டம் போட்டது. மருத்துவப் பணியாளர்களைத் தாக்கினா 3 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை, பலத்த காயம்னா 7 ஆண்டு வரை. அடக்கத்தைத் தடுத்தா 1 முதல் 3 ஆண்டு சிறைன்னு தமிழக அரசும் தனியா அவசரச் சட்டம் கொண்டு வந்தது.

வரவேற்கிறேன். ஆனா கல் எறியுறதைத்தான் சட்டம் தடுக்கும். "வேற வீடு பார்த்துக்கோங்க தம்பி"ன்னு மெதுவாச் சொல்றதை எந்தப் பிரிவுல போடுவீங்க? குழாயடியில குடத்தைத் தள்ளி வைக்கிறதுக்கு எந்த ஸ்டேஷன்ல புகார் குடுக்கிறது? அதை அந்தத் தெருவுதான் சரி பண்ண முடியும்.

17/
சரி பண்ணின தெருக்களும் இருந்துச்சு, அதையும் சொல்லணும். எதிர்வீட்டு அம்மா ஒருத்தங்க தினமும் காலையில எனக்குப் பால் பாக்கெட்டை வாங்கி மதில் மேல வச்சிட்டு, அவங்க வாசல்ல இருந்தே "டூட்டி முடிஞ்சிருச்சாய்யா, சாப்பிட்டியா?"ன்னு கேட்பாங்க. மாஸ்க் போட்டிருப்பாங்க, பத்தடி தள்ளித்தான் நிப்பாங்க. அவங்களுக்கும் பயம் இருந்துச்சு. பயத்தோடயே பக்கத்து வீட்டுக்காரியா இருந்தாங்க.

அறிவியல்படியும் அதுதான் சரி. உடம்புதான் தள்ளி நிக்கணும். பேச்சும் உதவியும் தள்ளி நிக்க வேண்டியதில்லை.

18/
அடுத்த தொற்று வரும். எப்போ, என்ன கிருமின்னு தெரியாது, ஆனா வரும். அப்போ நீங்க செய்யக்கூடியது:

- நோய் எப்படிப் பரவுதுன்னு முதல்ல கேளுங்க. யாரை ஒதுக்கலாம்னு கேட்காதீங்க.
- உங்க வீட்டுல ஆஸ்பத்திரி ஊழியர் குடியிருந்தா, காலி பண்ணச் சொல்லாம, வரப்போக நேரம், மாஸ்க், ஜன்னல் திறக்கிறதுன்னு உட்கார்ந்து பேசி முடிவு பண்ணுங்க.
- தெருவுல யாருக்காவது தொற்றுன்னா பேரையும் போட்டோவையும் வாட்ஸ்அப் குரூப்ல போடாதீங்க. "என்ன வேணும்?"னு போன்ல கேளுங்க.
- குழாயடி, மளிகைக் கடை, மயானம், இந்த மூணுலயும் யாரையும் தடுக்க விடாதீங்க. தடுக்கிற ஆள் உங்க சொந்தக்காரரா இருந்தாலும் எழுந்து பேசுங்க.
- டாக்டருக்குக் குடுக்கிற அதே மரியாதையை வார்டு கூட்டுற அக்காவுக்கும் குடுங்க.

இதுக்குப் பெருந்தொற்று வர்ற வரைக்கும் காத்திருக்கவும் வேண்டாம். உங்க தெருவுல இப்பவே ஒரு காசநோயாளி மருந்து சாப்பிட்டுக்கிட்டு இருக்கலாம். சரியான மருந்தை ஒழுங்காச் சாப்பிட ஆரம்பிச்சுச் சில வாரத்துல பரவும் தன்மை வெகுவாக் குறைஞ்சிரும். அவர்கிட்டயிருந்தே தொடங்கலாம்.

19/
இனி ஒரு தொற்று வந்து, நான் டூட்டிக்குப் போய்ட்டுத் தல்லாகுளத்துக்குத் திரும்பி வரும்போது எனக்கு யாரும் விளக்கு ஏத்த வேண்டாம், பூப்போட வேண்டாம். கேட்டைப் பூட்டாம வச்சிருங்க. அது போதும்.

உங்க குடியிருப்போர் சங்க குரூப்புக்கு இதை அனுப்பி வைங்க. இதைப் பேச வேண்டிய இடம் அதுதான்.