தரவு மையம் ஜொகூரில். வேலை கூலிமில்: நம் பிள்ளைகள் தயாரா?

சுங்கைப் பட்டாணி: தரவு மையம் என்றாலே நமக்கு ஜொகூர்தான் நினைவுக்கு வருகிறது. கூலாயில் செயற்கை நுண்ணறிவுத் தரவு மையம் அமைக்கப்படும் என்று ஒய்டிஎல் நிறுவனமும் அமெரிக்காவின் என்விடியாவும் 2023 டிசம்பரில் அறிவித்தன. அது முதல் அங்குள்ள நிலம், மின்சாரம், தண்ணீர் பற்றியே பேச்சு. ஆனால், அந்த மையங்களுக்குள் இருக்கும் பொருள்களைப் பார்த்தால், கெடாவுக்கும் இதில் பங்குண்டு என்பது புரியும்.

அங்குள்ள ஒவ்வொரு சர்வர் கணினியிலும் ஒரு பிணைய அட்டை இருக்கும். மற்றக் கணினிகளோடு தரவைப் பரிமாறும் வாசல் அதுதான். நம் வீட்டு இணையம் வினாடிக்கு 100 மெகாபிட் என்று வைத்துக்கொள்வோம். இன்றைய உயர்வேக அட்டை 400 கிகாபிட், அதாவது 4,000 மடங்கு. ஐந்து கிகாபைட் அளவுள்ள பத்துத் திரைப்படங்களை ஒரே வினாடியில் அனுப்பிவிடலாம்.

இவ்வளவு வேகம் எதற்கு? செயற்கை நுண்ணறிவைப் பயிற்றுவிக்க ஆயிரக்கணக்கான சில்லுகள் ஒன்றாகக் கணக்குப் போட வேண்டும். ஒன்றின் விடை மற்றொன்றுக்குத் தாமதமாகப் போனால், விலை உயர்ந்த சில்லுகள் எல்லாம் சும்மா காத்திருக்கும். இத்தகைய அட்டைகளைத் தயாரித்த இஸ்ரேலின் மெல்லனாக்ஸ் நிறுவனத்தை, ஏறக்குறைய 700 கோடி அமெரிக்க டாலர் கொடுத்து என்விடியா 2020-இல் வாங்கியதன் காரணமும் இதுவே.

சர்வர், அட்டை, மின்வழங்கி என எதை எடுத்தாலும் அதற்குள் சில்லுகள் உண்டு. அந்தத் தொழில் நம் பக்கத்து ஊரில் நடக்கிறது. கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவில் 2024-இல் திறக்கப்பட்ட ஆஸ்திரியாவின் ஏடி அண்ட் எஸ் ஆலை, ஏஎம்டி நிறுவனத்தின் தரவு மையச் சில்லுகளைத் தாங்கும் அடித்தகடுகளுக்காகக் கட்டப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஜெர்மனியின் இன்ஃபினியன் அங்கு மின்திறன் சில்லுகளுக்கான புதிய ஆலையைத் திறந்தது.

தோட்டங்களை விட்டு வெளியேறிய நம் குடும்பங்கள் பலவற்றுக்குச் சோறு போட்டவை தொழிற்சாலைகள்தாம். பெரும்பாலோர் ஆப்பரேட்டர்களாகச் சேர்ந்தார்கள். இன்று அந்த வேலைகளை இயந்திரங்கள் எடுத்துக்கொண்டு வருகின்றன. அந்த இயந்திரங்களைப் பராமரிப்பவரும் சில்லைச் சோதிப்பவரும்தான் இனி அதிகம் தேவைப்படுவார்கள். 2024 மே மாதம் பிரதமர் டத்தோஸ்ரீ அன்வார் இப்ராஹிம் அறிவித்த தேசிய செமிகண்டக்டர் வியூகம், 60,000 பொறியியலாளர்களுக்குப் பயிற்சி அளிக்க இலக்கு வைத்துள்ளது. அதில் நம்மவர் எத்தனை பேர்?

அந்தக் கணக்கு பல்கலைக்கழக வாசலில் தொடங்குவதில்லை. நான்காம் படிவத்தில் பாடம் தேர்ந்தெடுக்கும் நாளிலேயே தொடங்குகிறது. கடினம் என்று கூடுதல் கணிதத்தையும் இயற்பியலையும் கைவிடும் மாணவருக்குப் பொறியியல் பட்டத்தின் வழி ஏறக்குறைய அடைபட்டுவிடுகிறது. எஸ்பிஎம் முடிவு சுமாராக இருந்தாலும் கூலிமிலுள்ள துவாங்கு சுல்தானா பாஹியா பாலிடெக்னிக் போன்ற தொழில்திறன் கல்வி வழிகள் உள்ளன. அவை இருப்பதே பல பெற்றோருக்குத் தெரிவதில்லை.

ஆலய மண்டபங்களில் பாராட்டு விழா நடத்தும் நம் இயக்கங்கள், ஆண்டுக்கு ஒரு நாளை மூன்றாம் படிவ மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் ஒதுக்கலாம். கூலிமில் பணிபுரியும் நம் பொறியியலாளர்களையே பேச வைக்கலாம். மண்டபத்துக்கும் நாற்காலிக்கும் மேல் செலவு இல்லை. ஆலை பக்கத்தில் வந்துவிட்டது. அதற்குள் எந்த வேலைக்குப் போகப் போகிறோம் என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும்.