சாகிபுக்கு லைசென்ஸ், பழங்குடிக்கு வழக்கு

அக்டோபர் 7ஆம் நாள் வந்தால் வரையாட்டுக்கு வாழ்த்து குவிகிறது. 1975இல் இந்த விலங்கைப் பற்றி முன்னோடி ஆய்வு செய்த இ.ஆர்.சி. டேவிதாரின் நினைவாகத் தமிழ்நாடு அரசு அறிவித்த நாள் அது. மாநில விலங்கைக் கொண்டாடுவதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. 2024இல் தமிழ்நாட்டில் 1,031 என்று கணக்கிடப்பட்ட வரையாடுகள் 2025இல் 1,303 ஆகியிருக்கின்றன. கேரளத்தின் 1,365ஐயும் சேர்த்தால் உலகத்திலேயே மொத்தம் 2,668தான். மகிழ வேண்டிய செய்தி.

ஆனால் அந்த வாழ்த்துகளோடு ஒரு கதையும் ஆண்டுதோறும் சுற்றுக்கு வருகிறது. "வெள்ளைக்கார வேட்டைக்காரர்கள்தான் வரையாட்டைக் காப்பாற்றினார்கள். லைசென்ஸ் கொண்டுவந்தார்கள், அளவோடு சுட்டார்கள். காட்டில் இருந்தவர்கள்தான் கண்ணி வைத்து அழித்தார்கள்." படித்தவர்கள், சூழலியல் பேசுகிறவர்கள், முற்போக்காளர்கள் என்று தம்மை அழைத்துக்கொள்கிறவர்கள்கூட இதைப் பகிர்கிறார்கள். வன உரிமை பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருக்கும் எனக்கு இது ஆத்திரமூட்டும் கதை. இது வரலாறு அல்ல, வரலாற்றின் மேல் போர்த்திய சாதியம்.

முதலில் நடந்தது என்ன என்று பார்ப்போம். 1877இல் நீலகிரி வேட்டைச் சங்கம் தொடங்கப்படுகிறது. 1879இல் நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் வருகிறது. லைசென்ஸ் இல்லாமல் சுடக்கூடாது, குறிப்பிட்ட பருவத்தில் சுடக்கூடாது, பெட்டையைச் சுடக்கூடாது என்று விதிகள் உருவாகின்றன. முதுகில் வெள்ளி நிறம் ஏறிய முதிர்ந்த கிடாதான் இலக்கு. ஏன் இந்த விதிகள்? அதற்கு முந்தைய அரை நூற்றாண்டில் இதே துரைமார்கள் கண்மண் தெரியாமல் சுட்டுத் தள்ளியிருந்தார்கள். இனிமேல் சுட ஆடு மிஞ்சாது என்ற நிலை வந்தபோதுதான் அவர்களுக்குப் 'பாதுகாப்பு' நினைவுக்கு வந்தது. அவர்கள் காப்பாற்றியது ஆட்டை அல்ல, அடுத்த ஆண்டின் வேட்டையை.

அந்த லைசென்ஸை வாங்கக்கூடியவர் யார்? ராணுவ அதிகாரி, தோட்ட முதலாளி, கலெக்டர், அவர்கள் வீட்டு விருந்தாளி. குறும்பரிடமும் இருளரிடமும் துப்பாக்கியும் இல்லை, கட்டணம் கட்டப் பணமும் இல்லை. 1882இல் வந்த மதராஸ் வனச் சட்டம் காப்புக்காட்டில் கண்ணி வைப்பதையும் பொறி வைப்பதையும் அரசின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. கவனியுங்கள் தோழர்களே, இரண்டும் வேட்டைதான். ஒருவன் தலையை அறுத்துக் கிளப் சுவரில் மாட்டுவதற்காகக் கொன்றான். இன்னொருவன் பிள்ளைகளின் வயிற்றுக்காகப் பிடித்தான். முதலாவதற்குப் பெயர் 'விளையாட்டு'. இரண்டாவதற்குப் பெயர் 'கள்ள வேட்டை'. வயிற்றுக்காகக் கொன்றால் குற்றம், பொழுதுபோக்குக்காகக் கொன்றால் கௌரவம்.

இந்தத் தர்க்கம் நமக்குப் புதிதா? ஒரே செயலை யார் செய்கிறார் என்பதை வைத்துப் புனிதம் என்றும் தீட்டு என்றும் பிரிப்பதுதானே சாதி? வெள்ளைக்காரன் அதை லண்டனிலிருந்து மட்டும் கொண்டுவரவில்லை. இங்கே தயாராக இருந்த ஏணியில் ஏறி நின்றான். 1911இல் குற்றப் பரம்பரைச் சட்டத்தை மதராஸ் மாகாணத்துக்கும் விரித்து, குறவர்களைப் பிறப்பாலேயே குற்றவாளிகள் என்று எழுதியதும் இதே அரசுதான்.

இங்கேதான் நமது தமிழ்ப் பெருமையையும் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். வரையாட்டைச் சங்க இலக்கியம் 'வருடை' என்று பாடியிருக்கிறது என்று அரசு விளம்பரங்கள் பூரிக்கின்றன. சரி. வருடை துள்ளிய குறிஞ்சி நிலத்தின் மக்கள் யார்? குறவர்கள். தினைப்புனம் காத்தவர்கள், தேன் எடுத்தவர்கள், வேட்டையாடியவர்கள். பாட்டில் இருக்கும் குறவர் நமக்குப் பெருமை. காவல் நிலையத்தில் இருக்கும் குறவர் நமக்குச் சந்தேகக் கேஸ். நரிக்குறவர்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேற 2022 டிசம்பர் வரை ஆனது. அதற்குள் வனவிலங்குச் சட்டம் அவர்கள் தொழிலைக் குற்றமாக்கி ஐம்பது ஆண்டுகள் ஓடிவிட்டன.

அந்தச் சட்டத்தையும் கொஞ்சம் பிரித்துப் படிப்போம். 1972இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வரையாட்டை முதல் அட்டவணையில் வைத்து வேட்டையை முற்றாகத் தடுத்தது. நல்லது. ஆனால் அதே சட்டம் மற்ற விலங்குகளுக்கு என்ன செய்தது தெரியுமா? சிறப்பு வேட்டை விலங்கு, பெரிய வேட்டை விலங்கு, சிறிய வேட்டை விலங்கு என்று வகை பிரித்து லைசென்ஸ் வழங்க வழி வைத்தது. அந்தப் பிரிவுகள் 1991 திருத்தத்தில்தான் நீக்கப்பட்டன. சுதந்திரம் வந்து 44 ஆண்டுகள் வரை பணமும் துப்பாக்கியும் உள்ளவருக்குச் சட்டத்தில் ஒரு கதவு இருந்தது. கண்ணி வைத்தவருக்கு வழக்கு மட்டும்தான் இருந்தது.

"அப்படியானால் பழங்குடிகள் வேட்டையே ஆடவில்லையா?" என்று கேட்பார்கள். ஆடினார்கள். மறைக்க என்ன இருக்கிறது? கேள்வி, வரையாடு ஏன் குறைந்தது என்பது. இந்த விலங்குக்கு வேண்டியது செங்குத்தான பாறையும் அதை ஒட்டிய உயர்மலைப் புல்வெளியும். அந்தப் புல்வெளியை வெட்டித் தேயிலை நட்டது யார்? தைல மரமும் சீகையும் பைனும் நட்டது யார்? தோல் பதனிடும் ஆலைக்குப் பட்டை வேண்டும், விஸ்கோஸ் ஆலைக்கு மரக்கூழ் வேண்டும் என்று சுதந்திர இந்தியாவின் வனத்துறையே புல்வெளியைத் 'தரிசு' என்று எழுதி மரம் நட்டது. தோடர்களின் எருமைகளுக்கு மேய்ச்சல் போனது. வரையாட்டுக்கும் போனது. தோடர்கள் இறைச்சியே உண்ணாத மக்கள். ஒரு வரையாட்டையும் கொல்லாத அவர்களும் நிலத்தை இழந்தார்கள். நட்டவர்களில் ஒருவர் மீதாவது வழக்கு உண்டா? இன்று அந்தச் சீகையைப் பிடுங்குவதற்கும் மக்கள் பணம்தான். 2022இல் அறிவிக்கப்பட்ட வரையாடு திட்டத்தின் 25.14 கோடி ரூபாயில், புல்வெளியை மீட்பதும் ஒரு வேலை.

கேரளத்தின் இரவிகுளத்தை அடிக்கடி எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். தோட்ட முதலாளிகளின் வேட்டைக்காடாக இருந்து, 1975இல் சரணாலயமாகி, 1978இல் தேசியப் பூங்காவான இடம். பெருமை முழுவதும் தோட்டக்காரர் சங்கத்துக்குப் போகிறது. அந்தச் சங்கத்துக்காக அந்த மலையில் காவல் நடந்தவர்கள் யார்? முதுவர்கள். மலையின் ஒவ்வொரு தடமும் தெரிந்தவர்கள். துரையின் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. முதுவரின் பெயர் கூலிப் பதிவேட்டில்கூட இருந்ததா என்பது சந்தேகம்.

இன்றும் அதே கதைதான். காட்டுக்குள் ஆய்வு செய்ய எனக்கு ஒரு அனுமதிக் கடிதம் போதும். பல்கலைக்கழக முத்திரை இருந்தால் கதவு திறக்கும். எனக்கு முன்னால் நடந்து தடம் காட்டும் அண்ணன் அதே மலையில் பிறந்தவர். வேட்டைத் தடுப்புக் காவலராகத் தற்காலிகச் சம்பளத்தில் பல ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கிறார். ஆட்டைத் தொலைவிலேயே கிடாவா பெட்டையா என்று சொல்வது அவர், எழுதிக்கொள்வது நான். பட்டம் எனக்கு வரும். அவர் அம்மா கிழங்கு தோண்டிய இடத்துக்கு அவர் போக வேண்டுமானால் யாரிடமோ கேட்க வேண்டும்.

இதற்கு மாற்று இல்லையா? பாகிஸ்தானின் கில்கித், சித்ரால் மலைகளில் மார்க்கோர் என்ற காட்டாடு உண்டு. ஆண்டுக்கு விரல்விட்டு எண்ணும் அளவுக்கே வேட்டை அனுமதி. ஏலத்தில் ஒரு அனுமதி லட்சம் டாலரைத் தாண்டிப் போகிறது. அந்தத் தொகையில் 80 விழுக்காடு மலை ஊர்களுக்கு. ஊரே காவல் காக்கிறது. 2015இல் அந்த விலங்கு 'அழியும் ஆபத்து' பட்டியலிலிருந்து இரண்டு படி இறங்கியது. பணக்காரன் கொம்புக்காகக் கொல்வதை நான் கொண்டாடவில்லை. வரையாட்டுக்கு வேட்டை அனுமதி வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டவே வேண்டாம். நான் சுட்டுவது ஒன்றைத்தான்: அனுமதிச் சீட்டு எத்தனை என்பதைவிட, மலை யாருடையது என்பதே விலங்கைக் காப்பாற்றுகிறது.

நமது நாட்டில் அந்தக் கேள்விக்குப் பதில் 2006 வன உரிமைச் சட்டத்தில் இருக்கிறது. காட்டைப் பாதுகாக்கவும் நிர்வகிக்கவும் கிராம சபைக்கு உரிமை கொடுக்கிறது. "உரிமை கொடுத்தால் வேட்டையாடித் தீர்த்துவிடுவார்கள்" என்று பயமுறுத்துகிறவர்கள் சட்டத்தைப் படிக்கவில்லை. மரபு உரிமைகளைப் பட்டியலிடும் அதே பிரிவு, வேட்டையை வெளிப்படையாக விலக்கியிருக்கிறது. ஆனாலும் தமிழ்நாட்டில் என்ன நடந்தது? ஓய்வுபெற்ற வன அதிகாரி ஒருவர் தொடர்ந்த வழக்கில், 2008இல் சென்னை உயர் நீதிமன்றம் பட்டா வழங்குமுன் தன் அனுமதி வேண்டும் என்றது. அந்தத் தடை 2016இல்தான் விலகியது. வால்பாறை மலையில் கல்லார் குடிக் காடர்கள் 2019 மழையில் ஊரை இழந்துவிட்டு, பக்கத்திலேயே தெப்பக்குளமேட்டில் குடியேற இரண்டு ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. புலிகள் காப்பகங்களின் மையப் பகுதிகளில் மிச்சமிருக்கும் 591 ஊர்களை, 64,801 குடும்பங்களை, இடம்பெயர்க்கும் வேலையை விரைவுபடுத்தச் சொல்லி ஒன்றிய அரசின் புலிகள் ஆணையம் 2024இல் கடிதம் அனுப்புகிறது. வாச்சாத்தியில் 1992இல் காக்கிச்சட்டை என்ன செய்தது என்று தெரிந்த மண்ணில், 'காட்டைப் பாதுகாக்க மக்களை வெளியேற்று' என்ற வார்த்தையைக் கேட்டுவிட்டு நாம் எப்படிச் சும்மா இருக்க முடியும்?

ஆகவே நமது கோரிக்கைகள் தெளிவானவை. வரையாடு வாழும் மலைகளில் சமூக வன உரிமைப் பட்டாக்களை உடனே வழங்கு. எந்தப் புல்வெளியை மீட்பது, எப்படி மீட்பது என்ற முடிவில் கிராம சபையை உட்கார வை. கணக்கெடுப்பில் நடந்தவர்களின் பெயரை அறிக்கையில் எழுது. வேட்டைத் தடுப்புக் காவலர்களைப் பணி நிரந்தரம் செய்.

அடுத்த அக்டோபரில் யாராவது "வெள்ளைக்காரன் இல்லையென்றால் வரையாடு இல்லை" என்று பகிர்ந்தால், சும்மா கடந்து போகாதீர்கள் தோழர்களே. கிளப் சுவரில் தொங்கும் தலைகளை யார் அறுத்தார்கள் என்று அவரிடம் கேளுங்கள்.