கவிஞர்களின் ஊரும் பக்கத்துக் குன்றும்



நமது சபைக் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் இன்று மேற்படிப்பிற்காகவும் வேலைக்காகவும் ஜெர்மனிக்குச் செல்கின்றனர். அவர்களைக் காணப் புறப்படும் பெற்றோர், "பெர்லினையும் மியூனிக்கையும் தவிர வேறு எந்த ஊரைப் பார்க்கலாம், ஐயா?" என்று வினவுவதுண்டு. நான் தயங்காமல் சொல்லும் பெயர் வைமார். உடனே பிள்ளைகளின் பாடப்புத்தகம் சிலருக்கு நினைவிற்கு வரும். ஆம், அதே வைமார்தான். 1919-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் முதல் குடியரசிற்கான அரசியல் சட்டத்தை இயற்றிய தேசிய சபை அவ்வூரின் நாடக அரங்கில் கூடியதால், அந்தக் குடியரசிற்கே வைமார் குடியரசு என்ற பெயர் நிலைத்துவிட்டது. தேர்விற்காக அதை மனப்பாடம் செய்து அவதியுற்றவர்கள் அவ்வூரின்மீது கோபம் கொள்ள வேண்டாம்.

ஊர் மிகச் சிறியது. மக்கள்தொகை ஏறத்தாழ 65,000. மும்பையின் ஒரு நகராட்சி வார்டிலேயே இதைப்போல் பல மடங்கு மக்கள் வாழ்கிறார்கள். ஏர்ஃபுர்ட் நகரிலிருந்து உள்ளூர் இரயிலில் ஏறினால் கால் மணி நேரத்தில் வந்து சேரலாம். ஊருக்குள் வண்டி தேவையில்லை; முழங்கால் வலி உள்ளவர்கள்கூட மெதுவாக நடந்தே சுற்றி வரலாம். தெருக்களில் கருங்கல் பாவியிருப்பதால் நல்ல காலணி அவசியம். பிற்பகலை மட்டும் வேறு எதற்கும் ஒதுக்காமல் வைத்திருங்கள். அது எதற்கென்று பின்னர் சொல்கிறேன்.

முதலில் வயிற்றைக் கவனிப்போம். சந்தைச் சதுக்கத்தில் கரி அடுப்பின்மேல் துரிங்கிய மாநிலத்தின் புகழ்பெற்ற பன்றியிறைச்சிச் சாசேஜைச் சுட்டுத் தருகிறார்கள். சாசேஜ் ஒரு சாண் நீளம்; அதைப் பிடித்துக்கொள்ளத் தரும் ரொட்டியோ உள்ளங்கை அளவு. கடுகு விழுதைத் தடவி நின்றபடியே சாப்பிட வேண்டும். உருளைக்கிழங்கில் செய்யும் பெரிய உருண்டை ஒன்றும் அங்கு உண்டு. அதைத் தங்கள் நாட்டின் பெருமை என்று அவர்கள் சொல்கிறார்கள். நமது நாவிற்கு அது உப்பும் உறைப்பும் மறந்துபோன கொழுக்கட்டை. அக்டோபர் மாதத்தின் இரண்டாம் வாரக் கடைசியில் சென்றால் வெங்காயச் சந்தையைக் காணலாம். 1653-ஆம் ஆண்டிலேயே ஏடுகளில் குறிக்கப்பட்ட பழமையான சந்தை அது. வெங்காயத்தை உலர்ந்த பூக்களோடு சேர்த்துச் சடைபோல் பின்னித் தொங்கவிட்டிருப்பார்கள். சாம்பாருக்கு வெங்காயம் உரித்துக் கண்ணீர் விட்ட சகோதரிகள், அதை இப்படி அலங்கரிக்கவும் முடியும் என்பதைக் கண்டு வியப்பார்கள்.

இனி ஊரின் எஜமானருக்கு வருவோம். அவர் பெயர் கதே. ஜெர்மானிய இலக்கியத்தின் தலைமகனாகிய அவர், பதினெட்டு வயதே நிரம்பிய இளம் பிரபுவாகிய கார்ல் ஆகுஸ்டின் அழைப்பை ஏற்று, 1775-ஆம் ஆண்டில் தமது இருபத்தாறாம் வயதில் இவ்வூருக்கு வந்தார். 1832-இல் இங்கேயே மரித்தார். கவிஞர் என்றால் நிலவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்று எண்ணிவிடாதீர்கள். சாலைகள், சுரங்கங்கள், படைச் செலவு என்று அரசாங்கக் கோப்புகளுக்குள் மூழ்கியிருந்த அதிகாரி அவர். பத்தாண்டுகளில் சலித்துப்போய், 1786-இல் ஒருவரிடமும் சரியாகச் சொல்லாமல் பெயரை மாற்றிக்கொண்டு இத்தாலிக்குக் கிளம்பிவிட்டார். விடுப்பு விண்ணப்பத்தை மேலதிகாரி கையெழுத்திடாமல் வைத்திருக்கும் துன்பத்தை அறிந்தவர்கள் அவரைக் கடிந்துகொள்ள மாட்டார்கள். நம் நாட்டுக் காளிதாசரின் சாகுந்தலத்தை 1791-இல் ஜெர்மானிய மொழிபெயர்ப்பில் படித்துவிட்டு உள்ளம் பூரித்தவரும் இவரே. அவரது வீட்டையும் ஆற்றோரப் பூங்காவில் உள்ள தோட்ட வீட்டையும் பார்க்கலாம். பழைய கட்டடங்கள் ஆதலால் சீரமைப்பிற்காக மூடப்படுவதுண்டு. முன்னரே விசாரித்துக்கொண்டு செல்லுங்கள்.

நாடக அரங்கின் முன்னால் கதேயும் அவரது நண்பர் ஷில்லரும் சேர்ந்து நிற்கும் வெண்கலச் சிலை இருக்கிறது. 1857-இல் நிறுவப்பட்டது. உண்மையில் ஷில்லர் நல்ல உயரம். கதே அவரைவிடக் குள்ளம். சிற்பியோ இருவரையும் ஒரே உயரத்தில் வடித்துச் சண்டையைத் தவிர்த்துவிட்டார். ஷில்லரின் மேசை இழுப்பறையில் எப்போதும் அழுகிய ஆப்பிள்கள் இருக்குமாம். அந்த வாடை இல்லாமல் அவருக்கு எழுத வராது என்று அவரது மனைவி கூறியதாகக் கதே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். வீட்டில் எழுத்தாளர் உள்ள சகோதரிகள் இதை அறிந்து ஆறுதல் அடைவார்களாக.

இசை அறிந்த வாசகர்கள் யோகான் செபாஸ்தியான் பாக்கின் பெயரைக் கேட்டிருப்பீர்கள். 1708 முதல் 1717 வரை அவர் இவ்வூர் அரண்மனையில் ஆர்கன் வாசித்தார். வேறிடத்தில் நல்ல வேலை கிடைத்ததும், தம்மை விடுவிக்கும்படி பிடிவாதமாகக் கேட்டார். பிரபு என்ன செய்தார் தெரியுமா? நவம்பர் 6 முதல் டிசம்பர் 2 வரை அவரைச் சிறையில் அடைத்துவிட்டு, அதன் பிறகே அனுப்பினார்! ஆலயத்தில் வாத்தியம் வாசிக்கும் நமது தம்பிமார் தங்கள் போதகரின் பொறுமையை இனிமேலாவது மதிக்க வேண்டும்.

பரிசுத்த பேதுரு, பவுல் ஆலயத்திற்குள் நிதானமாகச் செல்லுங்கள். லூத்தர் பிரசங்கித்த ஆலயம் இது. லூக்காஸ் கிரானாக் என்னும் ஓவியர் தொடங்கி, 1553-இல் அவர் மரித்தபின் அவருடைய மகன் 1555-இல் முடித்த பலிபீட ஓவியம் அங்குள்ளது. சிலுவையின் அடியில் லூத்தர் வேதாகமத்தைத் திறந்து அதன்மேல் விரலை வைத்து நிற்கிறார். பக்கத்தில் முதிர்ந்த ஓவியர் கிரானாக்கே நிற்கிறார். ஆண்டவருடைய விலாவிலிருந்து பீறிடும் இரத்தம் நேராக அவருடைய தலையின்மேல் வந்து விழுகிறது. இடையில் குருவானவர் எவரும் இல்லை. இரத்தத்தைக் குறித்து ஞாயிறுதோறும் பாடுகிற நாம், நானூற்று எழுபது ஆண்டுகளுக்கு முந்திய அந்தப் பலகையின் முன் நின்றால் மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட மாட்டார்.

ஆன்னா அமாலியா சீமாட்டியின் நூலகத்திற்கு ஒரு நாளில் குறிப்பிட்ட தொகையினரையே அனுமதிப்பதால் முன்பதிவு நல்லது. 2004-ஆம் ஆண்டு செப்டம்பர் 2-ஆம் தேதி இரவு அதன் கூரையில் தீப்பற்றியது. ஊழியர்களும் ஊர் மக்களும் வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றி நூல்களை வெளியே கொண்டுவந்தனர். நூலகத்தின் இயக்குநர், லூத்தரின் மொழிபெயர்ப்பில் முழுமையாக வெளிவந்த 1534-ஆம் ஆண்டு வேதாகமத்தை எரியும் கட்டடத்திலிருந்து எடுத்து வந்தார். அப்படியும் 50,000 நூல்கள் சாம்பலாயின. 62,000 நூல்கள் நெருப்பாலும் நீராலும் சேதமுற்றன. நனைந்தவற்றை லைப்சிக் நகருக்கு அனுப்பி, உறைய வைத்து, பின்பு உலர்த்திக் காத்தார்கள். 2007-இல் நூலகம் மீண்டும் திறக்கப்பட்டது. புத்தகத்திற்காக இரவில் வீதிக்கு ஓடிவந்த ஊர் அது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது பிற்பகலுக்கு வருகிறேன். இரயில் நிலையத்திலிருந்து 6-ஆம் எண் பேருந்து எட்டர்ஸ்பெர்க் என்னும் குன்றிற்குச் செல்கிறது. இருபது நிமிடப் பயணம். நுழைவுக் கட்டணம் இல்லை. சிறு பிள்ளைகளை அழைத்துச் செல்ல வேண்டாம். சுற்றுலாப் பயணிகளில் பலர் கதே படம் போட்ட கோப்பையை வாங்கிக்கொண்டு, குன்றின் பக்கம் போகாமலே திரும்பிவிடுகிறார்கள். அவர்கள் பார்த்தது பாதி ஊரையே.

கதே உலாவிய அந்தக் குன்றின்மேல் 1937-ஆம் ஆண்டு நாத்சிகள் ஒரு வதை முகாமை அமைத்தார்கள். முதலில் அதற்குக் குன்றின் பெயரையே இட்டனர். வைமாரின் நாத்சிப் பண்பாட்டுச் சங்கத்தார் ஆட்சேபித்தனர். முகாமுக்காக அல்ல, பெயருக்காக! கதேயின் நினைவோடு இணைந்த பெயரை முகாமுக்கு வைக்கலாகாது என்பது அவர்களது வாதம். அதனால் பூகன்வால்ட் என்று ஒரு புதுப் பெயரைச் சூட்டினார்கள். மரங்களை வெட்டியபோது ஓர் ஓக் மரத்தை மட்டும் விட்டுவைத்தனர். கைதிகள் அதைக் கதேயின் மரம் என்றே அழைத்தனர். 1944-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதக் குண்டுவீச்சில் அது கருகியது. அடிக்கட்டை இன்றும் இருக்கிறது.

இங்கும் இதன் கிளை முகாம்களிலும் ஏறத்தாழ 2,80,000 பேர் அடைக்கப்பட்டனர்; யூதர், ரோமா மக்கள், பொதுவுடைமையர், சோவியத் போர்க்கைதிகள், சிறுவர்கள். அவர்களில் 56,000 பேர் மாண்டனர். முகாமின் இரும்பு வாசலில், "அவரவர்க்கு உரியது அவரவர்க்கு" என்னும் பொருளுடைய சொற்கள் உள்ளே இருப்பவர்கள் படிக்கும்படி பொறிக்கப்பட்டுள்ளன. அதே சொற்களைத் தலைப்பில் கொண்ட ஆலய இசைப் படைப்பொன்றைப் பாக் இதே வைமாரில் 1715-இல் இயற்றியிருந்தார். வாசலின் எழுத்துகளை வடிவமைத்தவர் ஃபிரான்ஸ் எர்லிக் என்னும் கைதி. வைமாரில் 1919-இல் தோன்றிப் பின்னர் தெசாவ் நகருக்குப் பெயர்ந்த பௌஹவுஸ் கலைப்பள்ளியில் அவர் பயின்றவர். நாத்சிகள் வெறுத்த அப்பள்ளியின் பாணியிலேயே அவர் அந்த எழுத்துகளைத் தீட்டினார். காவலர்கள் கண்டுகொள்ளவில்லை.

வாசலின் ஒரு பக்கத்தில் தண்டனை அறைகளின் வரிசை உண்டு. அவற்றில் ஒன்று பால் ஷ்னைடர் என்னும் போதகருடையது. கிராமத்துச் சபை ஒன்றின் ஊழியர். ஆறு பிள்ளைகளின் தகப்பன். 1937 நவம்பரில் இங்கு கொண்டுவரப்பட்டார். மறு ஆண்டு ஏப்ரல் மாதம் ஹிட்லரின் பிறந்தநாளன்று, எல்லாக் கைதிகளும் கொடிக்குத் தொப்பியைக் கழற்றி வணங்கியபோது இவர் மறுத்தார். அடித்து, தனியறையில் போட்டார்கள். ஆயிரக்கணக்கானோர் வெளியே வரிசையில் நிற்கும் வேளைகளில், இவர் அந்த அறையின் உயர்ந்த சன்னலைப் பற்றி ஏறி வேத வார்த்தையை உரக்கச் சொல்வார். இரண்டொரு வாக்கியம் முடிவதற்குள் காவலர்கள் வந்து அடித்து வீழ்த்துவார்கள். அடுத்த முறையும் ஏறுவார். 1939 ஜூலை 18-ஆம் தேதி நச்சு ஊசியால் கொல்லப்பட்டார். அந்நாட்களில் ஜெர்மானியப் போதகர்கள் பலர் தங்கள் ஆலயத்திலேயே அந்தக் கொடியை ஏற்றிவிட்டு நன்றாக உறங்கினார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

ஊரார் அறியாமல் இருந்தார்களா? முகாமுக்குச் சொந்தத் தகன மேடை வரும்வரை, இறந்தவர்களின் உடல்கள் வைமார் நகரின் தகன சாலையில்தான் எரிக்கப்பட்டன. கைதிகள் ஊருக்குள்ளும் வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். 1945 ஏப்ரல் 11-ஆம் தேதி முகாம் விடுதலையானது. ஐந்து நாள் கழித்து, அமெரிக்கப் படையினர் வைமார் மக்களில் ஏறத்தாழ ஆயிரம் பேரைக் குன்றின்மேல் வரவழைத்துக் கண்ணால் பார்க்கச் செய்தனர். தங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று அழுதவர்கள் பலர். பின்னர் சோவியத் அதிகாரிகளும் அதே இடத்தில் 1950 வரை ஒரு முகாமை நடத்தினார்கள். அதில் பசியாலும் நோயாலும் 7,000-க்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

கைதிகள் வரிசையில் நின்ற அந்த மைதானத்தில் இப்போது கட்டடம் ஏதுமில்லை. காற்று மட்டும் பலமாக வீசும், ஆகையால் கோடையிலும் ஒரு மேற்சட்டை எடுத்துச் செல்லுங்கள். தரையோடு தரையாக ஓர் உலோகத் தகடு 1995-இல் பதிக்கப்பட்டது. இங்கு அடைக்கப்பட்டிருந்தவர்களின் நாட்டினப் பெயர்கள் அதில் உள்ளன. குனிந்து கையை அதன்மேல் வையுங்கள். ஆண்டு முழுவதும், இரவும் பகலும், அதை 37 டிகிரி வெப்பத்தில் வைத்திருக்கிறார்கள். மனித உடலின் சூடு அது. குளிர்காலத்தில் மைதானம் எங்கும் பனி மூடிக் கிடக்கும்போது, அந்தத் தகட்டின்மேல் மட்டும் பனி தங்குவதில்லை.