குப்பை தரும் மின்சாரம்

அடுக்குமாடி வீடுகளில் குடியிருப்போர் குப்பைப் பையைக் கட்டிப் போட்டதும் அதை மறந்துவிடுகின்றனர். அந்தப் பையின் பயணமோ அங்கே முடிவதில்லை. சிங்கப்பூரில் அது எரியாலைக்குக் கொண்டுசெல்லப்படுகிறது. அங்கே 850 முதல் 1,000 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பத்தில் குப்பை எரிகிறது. அந்த வெப்பம் கொதிகலனில் உள்ள நீரை நீராவியாக்குகிறது. நீராவி விசையாழியைச் சுழற்ற, அதனோடு இணைந்த மின்னாக்கி மின்சாரத்தை உற்பத்தி செய்கிறது.

சிங்கப்பூரின் முதல் எரியாலை 1979ஆம் ஆண்டில் உலு பாண்டானில் திறக்கப்பட்டது. நிலப்பற்றாக்குறை உள்ள தீவுக்கு இது நல்ல வழியே. எரித்த பிறகு குப்பையின் கன அளவு ஏறத்தாழ 90 விழுக்காடு குறைந்துவிடுகிறது, மின்சாரமும் கிடைக்கிறது. அப்படியானால், குப்பை பெருகுவதைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும் என்று சிலர் கேட்கலாம். இக்கருத்து ஏற்கத்தக்கதன்று.

முதலாவதாக, வெப்பம் முழுவதையும் மின்சாரமாக மாற்ற இயலாது. வெப்ப இயந்திரங்களின் திறனுக்கு எல்லை உண்டு என்பதைப் பிரெஞ்சுப் பொறியாளர் சாடி கார்னோ 1824ஆம் ஆண்டிலேயே விளக்கினார். எரியாலையும் இதற்கு விலக்கன்று. சிங்கப்பூரின் மின்தேவையில் எரியாலைகள் நிறைவு செய்வது ஏறத்தாழ 3 விழுக்காடு மட்டுமே.

இரண்டாவதாக, எரிப்பதால் கிடைக்கும் ஆற்றலைவிட இழக்கும் ஆற்றல் அதிகம். தட்டில் மிஞ்சிய ஒரு பிடி சோற்றை எண்ணிப் பார்க்கலாம். நெல்லை விளைவிக்கவும் அரிசியைக் கப்பலில் கொண்டுவரவும் சோறு சமைக்கவும் ஆற்றல் செலவாகியிருக்கிறது. ஈரமான அச்சோற்றை எரிக்கும்போது, அதிலுள்ள நீரை ஆவியாக்கவே வெப்பத்தின் ஒரு பகுதி வீணாகிறது. அலுமினியக் கலனை மறுபயனீடு செய்தாலோ, புதிய உலோகம் தயாரிக்கத் தேவைப்படும் ஆற்றலில் ஏறத்தாழ 95 விழுக்காட்டை மிச்சப்படுத்தலாம்.

மூன்றாவதாக, எரித்தாலும் சாம்பல் எஞ்சும். அது செமாக்காவ் தீவில் உள்ள குப்பை நிரப்புநிலத்தில் கொட்டப்படுகிறது. 1999ஆம் ஆண்டில் செயல்படத் தொடங்கிய அந்நிலம் 2035ஆம் ஆண்டுவாக்கில் நிரம்பிவிடும் என்று கணிக்கப்பட்டுள்ளது. அதற்கு மாற்றாக வேறோர் இடத்தைத் தேடுவது எளிதன்று.

ஆகவே, எரியாலையைக் கடைசி வழியாகவே கருத வேண்டும். குப்பையைக் குறைப்பதும் பொருள்களை மறுபயனீடு செய்வதும் அதற்கு முன் செய்ய வேண்டியவை. உணவங்காடியில் உண்ணும் அளவுக்கு மட்டும் சோறு கேட்டு வாங்கும் மாணவர் மிச்சப்படுத்தும் ஆற்றலை எந்த எரியாலையாலும் மீட்டுத்தர முடியாது.