வேலிக்குள் குடித்தனம்

ஒகினாவாவுக்கு மாற்றலாகி வரும் அமெரிக்க ராணுவக் குடும்பத்துக்கு முகாமுக்குள்ளேயே வீடு, பள்ளிக்கூடம், மாதாகோவில், கடை எல்லாம் உண்டு. கடையில் செல்லுவதும் டாலர்தான். 'இருக்கப் போவது மூன்று வருஷம். இந்த ஊர்ப் பாஷையைப் படித்து என்ன ஆகப்போகிறது?' என்பார்கள். கைக்குழந்தையோடு, புருஷன் எப்போது கப்பலேறுவானோ என்று கிடப்பவளுக்குச் சௌகரியம் வேண்டாமா என்றும் கேட்பார்கள். வேண்டியதுதான். ஆனால் சௌகரியம் வேறு, குடித்தனம் வேறு என்பேன் நான்.

அந்தத் தீவில் சுமார் 15 சதவீத நிலம் இம்முகாம்களின் கையில் இருக்கிறது. 1945-இல் யுத்தத்தோடு வந்த வேலி, 1972-இல் தீவு ஜப்பானிடம் திரும்பிய பிறகும் போய்விடவில்லை. வெளியே நிற்கும் எத்தனையோ பேருக்கு உள்ளே இருப்பது பாட்டன் உழுத நிலம். அவர்களில் ஒருவரோடும் பேசாமல் மூன்று வருஷம் கழிப்பதை அயல்நாட்டு வாழ்க்கை என்று நான் ஒப்பமாட்டேன்.

நாஹா நகரத்து மாகிஷிச் சந்தைப் பக்கம் போகட்டும். பாகற்காய் என்ன விலை என்று அவர்கள் பாஷையிலேயே கேட்கட்டும். அங்கே அதற்குக் 'கோயா' என்று பெயர். முட்டையும் டோஃபுவும் சேர்த்து வதக்குகிறார்கள். அந்த ஒரு கேள்வியால் நிலம் திரும்பிவிடாது, வாஸ்தவம். ஆனால் கேட்டவள் அந்த ஊரில் ஒரு மனுஷியாக வாழ்ந்துவிட்டுப் போவாள்.