வலியைத் தாங்குறது தாயோட கடமை இல்ல. தீர்க்கிறது அரசோட கடமை!

"பிரசவம்னா வலிக்கத்தான் செய்யும், பொறுத்துக்கம்மா." பிரசவ வார்டுகளில் பழகிப்போன வசனம் இது. வயிற்றை அறுத்துக் குழந்தையை எடுத்த மறுநாளும் இதேதான். குடல்வால் ஆபரேஷன் முடிந்த ஆணிடம் யாராவது இப்படிச் சொல்வாங்களா?

2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். அரசு மருத்துவமனைகளில் 36, தனியாரில் 63.8. இத்தனை தாய்மார் தையலோடு எழுந்து உட்கார்ந்துதான் பால் கொடுக்கணும்.

முதலில் பாராசிட்டமால், டைக்ளோஃபினாக். சரி, பலருக்கு அதுவே போதும். போதாதவங்களுக்கு? மார்பின்னு சொன்னதுமே "பழகிடும்", "பால்ல இறங்கிடும்", "ரிஜிஸ்டர் யார் எழுதுறது" என்று கை பின்வாங்குது.

பயத்தில் நியாயமே இல்லையா? இருக்கு. அமெரிக்காவில் இந்த வகை மாத்திரைகளை அள்ளிக் கொடுத்து வந்த சீரழிவை உலகமே பார்த்தது. பாலூட்டும் தாய்க்குக் கோடீன், டிராமடால் வேண்டாம் என்று 2017-ல் அந்நாட்டு மருந்துத் துறை எச்சரித்தது. ஆனால் 'பார்த்துக் கொடு' என்பது வேறு, 'கொடுக்கவே கொடுக்காதே' என்பது வேறு. வார்டுக்குள், கண்காணிப்பில், குறைந்த அளவில், தேவைப்படும் தாய்க்கு மட்டும். நாம் கேட்பது இவ்வளவுதான்.

சட்டம் தடுக்குதா? 1985 போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடி உண்மை. அதனால்தான் 2014-ல் நாடாளுமன்றம் அதைத் திருத்தி, 'அத்தியாவசிய' போதை மருந்துகள் என்ற வகையை உருவாக்கி, பல லைசென்ஸுக்கு அலையும் நிலையை மாற்ற வழி செய்தது. சட்டம் மாறிடுச்சு, மனசு மாறல. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் அரசு உரிமம் கொடுத்து அபின் விளைவித்து ஏற்றுமதி செய்யும் நாடு, தன் தாய்மாருக்கு மட்டும் கணக்குப் பார்க்குது!

டூட்டி டாக்டரையும் நர்ஸையும் நாம் குற்றவாளிக் கூண்டில் ஏற்றல. மார்பின் கொடுத்தால் மூச்சைக் கவனிக்க ஆள் வேணும். ராத்திரியில் ஒரே நர்ஸ் வார்டு முழுக்க ஓடினால் எப்படித் துணிவாங்க? அந்தப் பயத்தை உருவாக்கியது ஆள் போடாத அரசு.

நம் கோரிக்கைகள்:

1. காய்ச்சல், பிரஷர் குறிக்கும் அதே சார்ட்டில் தாயின் வலி அளவையும் குறிக்கணும்.

2. சிசேரியன் நடக்கும் எல்லா அரசு மருத்துவமனையிலும் மார்பின் இருப்பும், அதைக் கையாளப் பயிற்சியும் வேணும்.

3. காலி நர்ஸ் பணியிடங்களை உடனே நிரப்பணும்.

தாய்மையைப் போற்றி மேடையில் பேசினது போதும். வார்டுக்கு மருந்தையும் ஆளையும் அனுப்புங்க!

பகிருங்கள் தோழர்களே. உங்க வீட்டுப் பெண்களிடமும் கேளுங்கள், அவங்க சொல்வாங்க.

#வலி_நிவாரணம்_உரிமை