சிறைக்குள்ளிருந்து வரும் மிரட்டல்

மனைவியை அடித்துச் சிறைக்குப் போனவன், அங்கிருந்தும் உறவினர் மூலம் சொல்லி அனுப்புகிறான்: "வெளியே வந்ததும் பார்த்துக்கொள்கிறேன்." மிரட்டல் அவளுக்கு மட்டுமல்ல, அவளை மறுமணம் செய்துகொண்டவருக்கும்தான். "அவன்தான் உள்ளே இருக்கிறானே, என்னம்மா பயம்?" என்று காவல் நிலையத்தில் கேட்டால், அது புகாரைத் தட்டிக்கழிக்கும் பேச்சு.

அவள் பட்டியல் சாதி, அவன் ஆதிக்க சாதி என்றால், வழக்கு எந்தச் சட்டத்தில் பதிவானது என்பது முக்கியம். 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் உள்ள வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15ஏ பிரிவுப்படி, ஜாமீன் விசாரணை குறித்துப் பாதிக்கப்பட்டவருக்கு முன்கூட்டியே தகவல் தர வேண்டும். ஜாமீன், பரோல் குறித்த விசாரணையில் அவர் தரப்பையும் கேட்க வேண்டும். இது கட்டாயம் என 2021-ல் ஹரிராம் பாம்பி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வெறும் அடிதடி வழக்காகப் பதிந்தால் இந்த உரிமை கைநழுவிப் போகும். எனவே முதல் தகவல் அறிக்கையின் நகலை வாங்கி, பிரிவுகளைப் படித்துப் பாருங்கள். படித்த பிள்ளைகள் இதில் உதவலாம்.

இருவரும் பட்டியல் சாதியினர் என்றால் இந்தச் சட்டம் பொருந்தாது. அங்கே 2005-ம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டம் இருக்கிறது. பிரிந்துபோன கணவன் மீதும் மாஜிஸ்திரேட்டிடம் பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம். போன், கடிதம் உட்பட எந்த வழியிலும் அவன் தொடர்புகொள்ளவும், அவளுக்குத் துணை நிற்பவர்களைத் தாக்கவும் அதில் தடை போடலாம். மீறினால் ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மிரட்ட வரும் உறவினர் மீது தனியாகப் புகார் கொடுக்கலாம்.

வக்கீல் செலவுக்குப் பயந்து நின்றுவிட வேண்டாம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் வைத்துத் தரும். தொலைபேசி எண் 15100.